ஜெனரேட்டருக்கு நான்கு நிமிடம்

எங்கள் அலுவலகத்தில் இந்த ஆண்டு எல்லாருக்கும் ஓர் இணையப் பயிற்சியைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஊடகத் தொழிலில் இருப்பவர்களுக்கான சுற்றுச்சூழல் பயிற்சி. ஆறு பகுதிகள், எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம், கடைசியில் தேர்வு, தேறினால் சான்றிதழ். நடத்துகிற நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. குறைகள்தான் அதிகம் சொல்லப் போகிறேன். அங்கே இருக்கிற ஒருவருடன் மின்னஞ்சலில் பேசியும் இருக்கிறேன், நல்ல மனுஷி, அவரைச் சங்கடப்படுத்த விருப்பமில்லை.

நான் பதினேழு ஆண்டுகளாக ஆவணப்படங்களுக்கும் செய்தித் தொடர்களுக்கும் புரொடக்‌ஷன் மேனேஜர். யூனிட்டை எழுப்பி வண்டியில் ஏற்றுவது, அனுமதிக் கடிதங்களோடு அலைவது, ஜெனரேட்டருக்கு டீசல் பார்ப்பது, கடைசியில் எல்லா ரசீதையும் கணக்குப் பிரிவில் ஒப்புவித்துத் திட்டு வாங்குவது என் வேலை. ஆகவே இந்தப் பயிற்சியை நான் பார்த்த விதம் ஒரு நிருபர் பார்க்கும் விதமல்ல. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: நாளைக் காலை நான் எதை மாற்றினால் புகை குறையும்? அதை யாரிடம் போய்க் கேட்க வேண்டும்? இந்த இரண்டு கேள்விக்கும் ஐந்து மணி நேரத்தில் எவ்வளவு பதில் கிடைத்தது என்பதை வைத்துத்தான் இந்த விமர்சனம்.

முதலில் மொழி. பயிற்சி ஆங்கிலத்தில். தமிழ் சப்டைட்டில் உண்டு என்று போட்டிருந்ததால் எங்கள் யூனிட்டில் பலர் அதை நம்பி உட்கார்ந்தார்கள். அது மனிதர் யாரும் தொட்டுப் பார்க்காத தானியங்கி மொழிபெயர்ப்பு. முதல் பகுதியின் பதினோராவது நிமிடத்தில் “நிலக்கரிச் செடிகளை மூட வேண்டும்” என்று வந்தது. மின் நிலையத்துக்கும் செடிக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், இயந்திரம் செடியைப் பிடித்துக்கொண்டது. நான்காம் பகுதியில் படப்பிடிப்பு வந்ததும் நிலைமை கைமீறிப் போய்விட்டது. “சுடுவதற்கு முந்தைய வாரம் அக்கம்பக்கத்தாருக்குத் தகவல் தெரிவியுங்கள்.” “சுடும் நாளன்று குழுவினரை ஒரே பேருந்தில் ஏற்றுங்கள்.” நடிகர்கள் “வார்ப்பு” ஆகியிருந்தார்கள். லைட்மேன் ஒருவர் இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து யூனிட் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அன்றைக்கு மதியம் வரை யாரும் வேறு எதையும் பேசவில்லை.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக எனக்குப் படவில்லை. தலைப்பிலேயே பிரச்சினை இருக்கிறது. மூலத்தில் “சஸ்டெய்னபிலிட்டி”, அதாவது வளம் தீராதபடி பயன்படுத்துவது, என்ற சொல்லைச் சுற்றித்தான் முழுப் பயிற்சியும் ஓடுகிறது. அதைத் தமிழில் “நிலைத்தன்மை” என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் ஒளிப்பதிவாளர், அனுபவசாலி, “டிரைபாட், கிம்பல் பத்தி ஏதோ கிளாஸாம்மா?” என்று என்னிடம் நேரிலேயே கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. கேமரா ஆடாமல் நிற்பதைத்தானே நாம் அப்படிச் சொல்வோம். “வளங்குன்றா” என்று ஒரு நல்ல சொல் தமிழில் பல ஆண்டுகளாகப் புழங்குகிறது. அதைப் போட்டிருந்தால் எதைப் பற்றிய வகுப்பு என்று பாதிப் பேருக்காவது புரிந்திருக்கும். முப்பது நாற்பது சொற்களுக்கு, தொழிலில் இருக்கிற ஒருவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து பட்டியல் போட்டிருந்தால் முடிந்திருக்கும் வேலை இது.

முதல் பகுதி, காலநிலை அறிவியல், சுருக்கமாக நன்றாகவே இருக்கிறது. பூமியின் சூடு தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட எவ்வளவு கூடலாம் என்று 2015 பாரிஸ் ஒப்பந்தம் பேசுகிற 1.5 டிகிரி என்பது நீண்டகாலச் சராசரி, ஓர் ஆண்டு அதைத் தாண்டியதும் ஒப்பந்தம் தோற்றுவிட்டதென்று எழுதக் கூடாது என்று விளக்குகிறார்கள். 2024-ஆம் ஆண்டின் சராசரி அந்தக் கோட்டைத் தாண்டியபோது தலைப்புகளில் நடந்த குழப்பத்தை நினைத்தால் இது அவசியமான ஐந்து நிமிடம்.

இரண்டாம் பகுதியில்தான் எனக்குக் கோபம் வந்தது.

அதன் பெயர் டிஜிட்டல் தடம். பதினான்காவது ஸ்லைடில் ஒரு காரும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வரைந்து, இணையத்தில் அரை மணி நேரம் வீடியோ பார்த்தால் 1.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று எழுதியிருந்தார்கள். இந்த எண்ணை எனக்குத் தெரியும். முன்பு ஓர் ஆவணப்படத்துக்குத் தகவல் சரிபார்த்தபோது இதோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். பிரான்சைச் சேர்ந்த ஷிஃப்ட் புராஜெக்ட் என்ற ஆய்வு அமைப்பின் வழியாக 2019-இல் உலகமெங்கும் பரவிய கணக்கு அது. பிட், பைட் இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டதில் மட்டுமே 8 மடங்கு பிழை. 2020-இல் அவர்களே திருத்தம் வெளியிட்டார்கள். அதே ஆண்டு சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 36 கிராம் என்றது. 2021-இல் பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் என்ற அமைப்பு ஐரோப்பியச் சராசரியாக 55 கிராம் சொன்னது. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் கிராமில்தான் பேச வேண்டும். அரை மணி நேரத்துக்கு 18 கிராம் என்று வைத்தால், ஸ்லைடில் இருக்கிற எண் கிட்டத்தட்ட 90 மடங்கு பெரிது.

எண்களைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு நடத்துகிற வகுப்பில், திருத்தப்பட்டுப் பல ஆண்டுகளான எண். பயிற்சி நிறுவனத்துக்கு எழுதினேன். நான் மேலே சொன்ன அந்த நல்ல மனுஷி இரண்டு நாளில் நன்றி சொல்லிப் பதில் போட்டார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தேன், ஸ்லைடில் கார் போய்விட்டது, எண்ணும் போய்விட்டது, அந்த இடத்தில் ஓர் இலைப் படம். முன்பு இருந்தது தவறு என்று ஒரு வரி கிடையாது. அதற்குள் அந்தப் பகுதியை முடித்துவிட்ட எங்கள் ஆட்கள் இருபதுக்கும் மேல். அவர்களில் ஒருவர் அந்த 1.6 கிலோவைத் தம் கட்டுரையில் போட்டால் யார் பொறுப்பு? பத்திரிகையில் ஒரு பெயர் எழுத்துப்பிழையோடு வந்தாலே மறுநாள் திருத்தம் போடுகிறோம்.

அந்த எண் தவறானது என்பதோடு விஷயம் முடியவில்லை. அதை நம்பித்தான் முழு இரண்டாம் பகுதியும் நிற்கிறது. வீடியோ கூட்டத்தில் கேமராவை அணையுங்கள், பழைய மின்னஞ்சலை அழியுங்கள், ரஷ், அதாவது எடிட் செய்யாத காட்சிகள், பார்க்கும்போது தரத்தைக் குறையுங்கள். மூன்றாம் பகுதியில் தண்ணீர் பாட்டில், இரு பக்கமும் அச்சிடுதல், அறையை விட்டு வெளியேறும்போது விளக்கு. இந்த மூன்றாம் பகுதி 46 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன், ஏனென்றால் அடுத்த பகுதியில் ஜெனரேட்டர் என்ற பேச்சு மொத்தமே நான்கு நிமிடம்தான்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு நாள் படப்பிடிப்பில் ஜெனரேட்டர் 100 லிட்டர் குடித்தால் 270 கிலோ. முகமையின் 36 கிராமை வைத்துப் பார்த்தால், அந்த ஒரு நாள் டீசலுக்கு ஈடாக ஒருவர் ஏழாயிரம் மணி நேரத்துக்கு மேல் வீடியோ பார்க்க வேண்டும். தூங்காமல் பார்த்தாலும் பத்து மாதம் ஆகும். என் யூனிட்டில் எல்லாரும் ஆயுசு முழுக்க மின்னஞ்சலை அழித்துக்கொண்டே இருந்தாலும் அந்த ஜெனரேட்டர் வண்டியை ஈடுகட்ட முடியாது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. அமெரிக்க ஸ்டுடியோக்கள் சேர்ந்து நடத்தும் சஸ்டெய்னபிள் புரொடக்‌ஷன் அலையன்ஸ் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், மிகப் பெரிய பட்ஜெட் படம் ஒன்றுக்குச் சராசரி 3,370 டன் கார்பன் வெளியேற்றம் என்று வந்தது. அதில் முதலிடம் வண்டிகளும் ஜெனரேட்டர்களும் எரிக்கிற எரிபொருளுக்குத்தான். இந்த அறிக்கையை நான்காம் பகுதியில் இவர்களே காட்டுகிறார்கள்! வரைபடத்தில் எரிபொருள் பட்டை எல்லாவற்றையும் விட நீளமாக நிற்கிறது. அதைத் திரையில் எட்டு விநாடி காட்டிவிட்டு, “ஆகவே நாம் ஒவ்வொருவரும் நம்மால் முடிந்ததைச் செய்வோம்” என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார் வழிநடத்துகிற பெண். எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. முன்னாடி போக முடியாதபடி “அடுத்து” பொத்தானைப் பூட்டி வைத்திருந்ததால் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அந்த நான்கு நிமிடத்தின் ஓரத்தில் ஓர் இணைப்பு இருக்கிறது, பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். ஓர் எக்செல் அட்டவணை. ஜெனரேட்டரின் திறன், இணைத்த விளக்குகளின் வாட், ஓடிய மணி, ஊற்றிய லிட்டர். நான்கையும் நிரப்பினால் எவ்வளவு சுமையில் ஓடியது என்றும் எத்தனை கிலோ என்றும் சொல்லும். இந்த ஐந்து மணி நேரத்தில் என் வேலையை மாற்றியது இந்த ஒன்றுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடுத்த ஷெட்யூலின் முதல் நாளே அட்டவணையை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டர் அண்ணனிடம் போனேன்.

“அண்ணே, மீட்டர்ல லோடு எவ்வளவு காட்டுது?”

“இருபது பர்சன்ட் தாண்டாதும்மா. மஞ்ச லைட்டு காலத்துல எழுபது எண்பது போகும். இப்ப எல்லாம் எல்இடி. லைட்டை மாத்திட்டீங்க, வண்டி மட்டும் இன்னும் அதே பெரிய வண்டிதானே கேக்குறீங்க.”

எத்தனை வருஷமாக இது தெரியும் என்று கேட்டேன். “யாரும் கேக்கலையே” என்றார்.

விஷயம் இதுதான். முன்பு 2,000 வாட் டங்ஸ்டன் விளக்கு நின்ற இடத்தில் இப்போது சில நூறு வாட் எல்இடி பேனல் நிற்கிறது. ஆனால் வாடகைக்கு எடுக்கும் ஜெனரேட்டரின் அளவை யாரும் குறைக்கவில்லை, போன படத்தின் பட்டியலை நகலெடுத்து இந்தப் படத்துக்கு அனுப்புகிறோம். டீசல் ஜெனரேட்டருக்குச் சுமை குறைந்தால் எரிபொருள் அதே விகிதத்தில் குறையாது, சும்மா ஓடுவதற்கே ஒரு பங்கு போகும். சுமை 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓடினால் எரியாத எரிபொருளும் கரியும் புகைபோக்கியில் படிந்து இயந்திரமும் கெடும். அந்தக் கரும்புகையை நாங்கள் இத்தனை நாள் “பழைய வண்டி” என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் முதல் பாதித் திறன் வண்டி. ஒளிப்பதிவாளர் முதலில் ஒப்பவில்லை. இரவுக் காட்சியில் ஒரு விளக்கு கூடுதலாகக் கேட்டால் என்ன செய்வாய் என்றார். நியாயமான கேள்வி. இரவுக் காட்சி இருந்த ஒரு நாளுக்கு மட்டும் பழைய வண்டியைத் திரும்ப வரவழைப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டோம். மற்ற பன்னிரண்டு நாளில் தினசரி 100 லிட்டர் இருந்தது 60-க்கு வந்தது. மொத்தம் 480 லிட்டர் மிச்சம், கார்பன் டை ஆக்சைடில் 1.3 டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஒரு படமும் கெடவில்லை, ஒருவரும் தியாகம் எதையும் செய்யவில்லை. அந்த நான்கு நிமிடத்தில் “ஜெனரேட்டரை அணைத்து வையுங்கள்” என்றுதான் சொல்கிறார்கள். அளவு பற்றி ஒரு சொல் இல்லை, அது அட்டவணைக்குள் ஒளிந்திருக்கிறது.

இந்தப் பயிற்சியைத் திருத்த வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டால் இங்கிருந்துதான் தொடங்குவேன். ஜெனரேட்டர் அண்ணன் மீட்டர் முன்னால் நிற்கும் பத்து நிமிட வீடியோ, அவர் பேச்சிலேயே. ஆர்ட் டிபார்ட்மென்டுக்கு, செட் கலைத்த பிறகு அந்தப் பிளைவுட்டெல்லாம் எங்கே போகிறது என்று ஒரு பத்து நிமிடம். எடிட்டிங் அறைக்கு, ஒரே ஃபுட்டேஜ் எத்தனை ஹார்ட் டிஸ்கில் எத்தனை ஆண்டு கிடக்கிறது என்று. இப்போது செய்தி வாசிப்பவரும் நானும் கணக்குப் பிரிவும் மேக்கப் கலைஞரும் ஒரே ஆறு பகுதியை வரிசை மாறாமல் பார்க்கிறோம். மேக்கப் கலைஞர் ஜெனரேட்டர் பார்த்து என்ன செய்வார்? நான் தலைப்பு எழுதும் பயிற்சியை வைத்து என்ன செய்வேன்?

(தலைப்பு எழுதும் பயிற்சி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதற்கு வருகிறேன்.)

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. விமானப் பயணம் பற்றி ஒரு ஸ்லைடு: “தேவையற்ற விமானப் பயணத்தைத் தவிருங்கள்.” நான் விமானச் சீட்டு எடுக்கிறவள், எந்தப் பயணம் தேவை என்று முடிவு செய்கிறவள் இல்லை. லொகேஷனை இயக்குநர் முடிவு செய்கிறார், எத்தனை பேர் என்பதைத் தயாரிப்பாளர். என் மேசைக்கு வரும்போது அது பெயர்ப்பட்டியல். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, “சார், இந்த ஸ்லைடில் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்” என்று போய் நிற்க முடியுமா? எங்கள் அலுவலகத்தில் பயிற்சியை முடித்தவர்களின் பட்டியலைப் பார்த்தேன். உதவியாளர்கள், நிருபர்கள், என்னைப் போன்ற நடு அடுக்கு. இயக்குநர்களில் ஒருவர் முடித்திருந்தார். தயாரிப்பாளர்கள் யாரும் இல்லை, அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லையாம்.

ஐந்து மணி நேரப் பாடத்தைத் தயாரிப்பாளருக்கு அனுப்புவதே வீண். அவருக்கு இருபது நிமிடம் போதும், ஆனால் பட்ஜெட் பூட்டப்படுவதற்கு முந்தைய வாரம் அந்த இருபது நிமிடம் வர வேண்டும். உள்ளூரிலேயே ஒளிப்பதிவாளரை எடுத்தால் எத்தனை சீட்டு மிச்சம், இரண்டு லொகேஷனை ஒரே பயணத்தில் முடித்தால் என்ன, லொகேஷனில் நேரடி மின் இணைப்பு வாங்க முடியுமா. ஷெட்யூல் போட்ட பிறகு இதில் எதையும் மாற்ற முடியாது. எங்களுக்குப் பயிற்சி வந்தது, நடந்துகொண்டிருந்த தொடரின் நான்காவது வாரத்தில்.

பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சி அகாடமியான பாஃப்டாவின் கீழ் 2011-இல் தொடங்கிய ஆல்பர்ட் என்ற அமைப்பு, ஒரு படத்தால் எவ்வளவு கார்பன் வெளியாகும் என்று சொல்லும் கார்பன் கணக்கி ஒன்றைத் திரைத்துறைக்கென்றே வைத்திருக்கிறது. அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கத்தின் பசுமைத் தயாரிப்பு வழிகாட்டியிலும் இப்படி ஒன்று உண்டு. கணக்கி இருந்தால் பேச்சு தானாகவே மாறும், பட்ஜெட் போடும்போதே இந்தப் பயணம் இவ்வளவு டன் என்று பக்கத்தில் இன்னொரு பத்தி வந்து நிற்கும். இந்தப் பயிற்சியில் கணக்கிகளுக்கு ஒரு ஸ்லைடு, இரண்டு லோகோ. திறந்து காட்டவில்லை. கற்பனையாக ஒரு சின்னப் படத்தைக் கொடுத்து, நீயே நிரப்பு, இப்போது லொகேஷனை மாற்றிப் பார் என்று விட்டிருந்தால், அந்த ஒரு மணி நேரத்துக்காக இரண்டாம் மூன்றாம் பகுதிகளை மன்னித்திருப்பேன்.

இப்போது ஐந்தாம் பகுதி, செய்தியறைக்கானது. இதை எழுதியவர் வேறு யாரோ என்பது பார்த்தாலே தெரிகிறது. வேகம் வேறு, அக்கறை வேறு. காலநிலை மாற்றத்தை மறுப்பவர் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது நடுநிலை ஆகாது என்று பிபிசி 2018-இல் தன் ஊழியர்களுக்குச் சொன்னதும், 2019 மே மாதம் கார்டியன் தன் சொல்வழக்கை மாற்றிக்கொண்டு “காலநிலை நெருக்கடி” போன்ற சொற்களுக்குப் போனதும் எடுத்துக்காட்டுகள். எந்தச் சொல் சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் இரு தரப்பு வாதத்தையும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். நல்லது.

அடுத்து வருவது தலைப்புப் பயிற்சி. இரண்டு நிகழ்வுகள் தருகிறார்கள். ஒன்று 2021 ஜூன் மாதம் வட அமெரிக்காவின் வடமேற்கில் அடித்த வெப்ப அலை, கனடாவின் லிட்டன் ஊரில் 49.6 டிகிரி. இன்னொன்று அதே காலத்தில் மடகாஸ்கரின் தெற்கில் நீடித்த வறட்சியும் பட்டினியும். இரண்டுக்கும் தலைப்பு எழுதச் சொல்கிறார்கள். நான் இரண்டுக்கும் காலநிலை மாற்றத்தைத்தான் காரணமாக எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் ஆய்வைக் காட்டுகிறார்கள். வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற அறிவியலாளர் குழு இரண்டையும் ஆராய்ந்திருக்கிறது. வெப்ப அலை, மனிதர் சூடாக்கிய பூமி இல்லாவிட்டால் ஏறக்குறைய நடந்தே இருக்க முடியாதது. மடகாஸ்கர் வறட்சியில் காலநிலை மாற்றத்தின் பங்கு இருந்தாலும் மிகச் சிறிது, மழையின் இயல்பான ஏற்றத்தாழ்வும் வறுமையும்தான் பெரிய காரணங்கள்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நல்லெண்ணத்தோடுதான் எழுதினேன், ஆனாலும் பாதி தவறு. வறட்சியைக் காலநிலையின் தலையில் கட்டிவிட்டால் அங்கே உடனடியாகச் செய்திருக்க வேண்டியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள் என்று பின்னணிக் குரல் அமைதியாகச் சொல்லிவிட்டுப் போகிறது. முதலில் தவறு செய்ய விட்டு, பிறகு காட்டுவது. இந்தப் பயிற்சியில் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிற பாடம் இது ஒன்றுதான் என்பதில் ஆச்சரியம் இல்லை. படித்ததைத் திரும்ப ஒருமுறை படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தால் நாள்பட நிலைக்கும் என்று ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-லேயே காட்டியிருக்கிறார்கள்.

என் தோழி ஒருத்தி நிருபர். அவளுக்கும் பிடித்திருந்தது, ஒரு புகாரோடு. “வீட்ல உக்காந்து பதினஞ்சு நிமிஷம் யோசிச்சு எழுதலாம்டி. டெஸ்க்ல எனக்கு நாற்பது நிமிஷத்துல முழு ஸ்டோரி போகணும். அன்னைக்கு எந்த ஆய்வும் வந்திருக்காது. அப்ப என்ன எழுதறதுன்னு சொல்லவே இல்லையே.” ஆய்வு வராத முதல் நாளில் பாதுகாப்பாக எழுதக்கூடிய வாக்கியங்கள் சில உண்டு. வெப்ப அலைகள் பொதுவாகக் கடுமையாகியும் அடிக்கடியும் வருகின்றன என்பது நிலைநாட்டப்பட்ட உண்மை, அதைச் சொல்லலாம். இந்தக் குறிப்பிட்ட அலையில் அதன் பங்கு எவ்வளவு என்பதை ஆய்வு வரும்வரை சொல்லாமல் விடலாம். கடிகாரம் ஓட ஓட இதை எழுத வைக்கும் பயிற்சி ஒன்று சேர்த்தால் போதும்.

ஆறாம் பகுதி உறுதிமொழியும் தேர்வும். உறுதிமொழிப் பட்டியலில் பன்னிரண்டு கட்டங்கள், மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாட்டில், மின்னஞ்சல், மாடிப்படி. நான் செய்த ஜெனரேட்டர் மாற்றத்தை எழுத அதில் இடமில்லை. பிரிட்டனின் கார்பன் லிட்டரசி புராஜெக்ட் சான்றிதழ் கொடுக்கும்போது, தனியாளாக ஒரு செயலும் மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு செயலும் எழுதித் தரச் சொல்கிறது. அந்த இரண்டாவதுதான் எங்கள் தொழிலுக்குப் பொருந்தும். எங்கள் யூனிட்டில் யாரும் எதையும் தனியாகச் செய்வதில்லை.

தேர்வில் பத்துக் கேள்வி, தவறினால் உடனே மறுபடி எழுதலாம், கேள்விகள் மாறுவதில்லை. சோதித்துப் பார்க்கலாமென்று எதையும் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். நான்காவது முயற்சியில் தேறிவிட்டேன். இதற்குப் பதில் மூன்று மாதம் கழித்து, அடுத்த ஷெட்யூல் தொடங்குகிற வாரத்தில், ஐந்து கேள்வி அனுப்பினால் என்ன? அதில் ஒன்று “உன் ஜெனரேட்டரின் சுமை எத்தனை சதவீதம்?” என்று இருக்கட்டும்.

சான்றிதழ் உடனே வந்தது. பக்கம் முழுக்கக் கரும்பச்சை, அச்சடித்தால் மை புட்டியே காலி. கீழே பொடி எழுத்தில், “இந்தப் பயிற்சி கார்பன் நடுநிலையானது.” அதாவது, வெளியிட்ட கார்பன் முழுவதும் ஈடுகட்டப்பட்டுவிட்டதாம். எண் கிடையாது, எப்படி என்பதும் கிடையாது. ஐந்தாம் பகுதியில் இவர்களே சொல்லித் தந்திருந்தார்கள், நிறுவன அறிக்கையில் இந்தச் சொல் வந்தால் எவ்வளவு குறைத்தீர்கள், எவ்வளவை ஈட்டுத்தொகை கொடுத்துச் சரிக்கட்டினீர்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள் என்று. கேட்டேன். சென்ற முறை இரண்டு நாளில் பதில் வந்தது. இந்த முறை ஐந்து வாரம் ஆகிவிட்டது.

எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நிருபர்களும் துணை ஆசிரியர்களும் ஐந்தாம் பகுதியை அவசியம் பாருங்கள், தலைப்புகளை உண்மையாகவே எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போங்கள். தயாரிப்புப் பக்கம் இருப்பவர்களுக்கு நான்காம் பகுதியின் அட்டவணை. முதல் பகுதியை ஒருமுறை கேட்டால் போதும். இரண்டும் மூன்றும் ஓடட்டும், “அடுத்து” பொத்தான் திறக்கும்வரை வேறு வேலை பாருங்கள். தமிழ் சப்டைட்டிலை அணைத்துவிட்டு, ஆங்கிலம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொன்னால் நல்லது. எங்கள் யூனிட்டில் கடைசியில் அப்படித்தான் எட்டுப் பேர் ஒரே திரையில் பார்த்தோம், நிறுத்தி நிறுத்திச் சண்டை போட்டுக்கொண்டு.

அட்டவணையைத் திறந்ததும் முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மணி நேரக் கட்டத்தில் “10:30” என்று அடித்தால் அதைக் கடிகார நேரமாக எடுத்துக்கொண்டு சூத்திரம் முழுக்க உடைந்துவிடுகிறது, அரை மணியை “.5” என்றுதான் போட வேண்டும். என்னுடையது இரண்டு முறை போய், மூன்றாவது முறை அண்ணன்தான் கண்டுபிடித்தார்.